எந்தக் குறைக்கு எந்த வாசல்?

ஆலயத்தில் பூசை நிறைவுற்று வாழ்த்துக் கூறும் வேளையில் சிவாச்சாரியார் "சாந்தி" என்னும் சொல்லை மூன்று முறை உச்சரிப்பதை அடியார்கள் கேட்டிருப்பார்கள். ஒரு முறை சொன்னால் போதாதா, மூன்று முறை ஏன் என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. மனிதருக்கு வரும் துன்பங்கள் மூன்று வகைப்படும், அவை ஒவ்வொன்றும் தணிய வேண்டும் என்பதற்காகவே மூன்று முறை சொல்லப்படுகிறது என்று பெரியோர் விளக்கம் தருவர்.

இம்மூன்றையும் தாபத்திரயம் என்று நூல்கள் கூறும். ஒருவருடைய சொந்த உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் துன்பம் ஆத்தியான்மிகம். பிற மனிதராலும் பிற உயிர்களாலும் வரும் துன்பம் ஆதிபௌதிகம். மழை, காற்று, இடி, வெள்ளம் முதலாக மனிதரின் கைக்கு அப்பாற்பட்ட சக்திகளால் வரும் துன்பம் ஆதிதைவிகம். பெயர்கள் வடமொழியில் இருப்பதால் இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணத் தேவையில்லை. லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டும் தாய்க்கும், விடியற்காலையில் கூடையுடன் மலைக்கு ஏறும் பிள்ளைக்கும் இந்தப் பாகுபாடு அன்றாடம் பயன்படக்கூடியது.

வெள்ளிக்கிழமை மாலையில் அன்னையின் சந்நிதியில் நிற்பவர்கள் எத்தனையோ குறைகளைக் கொண்டு வருகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவருக்குக் குடி, மகளுக்குத் திருமணத் தடை, மகனுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை, அறுவடை இல்லாத மாதத்தில் பேர் குறைந்து போயிற்று, லயத்தின் பின்புறம் மண் வெடித்திருக்கிறது. இவை யாவும் ஒரே கற்பூரச் சுடரின் முன் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அன்னை அனைத்தையும் கேட்கிறாள். ஆனால் அவற்றைத் தீர்ப்பதற்கு அவள் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் ஒன்றல்ல. எந்தக் குறைக்கு எந்த வாசல் என்று அறிந்து தட்டுவதும் பக்தியின் ஒரு பகுதியே.

உடலிலும் உள்ளத்திலும் பிறக்கும் துன்பம்

முதலில் உடல் நோயை எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இன்று திருச்செங்கோடு எனப்படும் மலைத் தலத்தில், எழுந்தருளியிருந்த போது குளிர் காலம் வந்தது. மலைநாட்டுக் குளிரினால் சுரம் பரவி, அவருடன் வந்த அடியார்களும் நடுங்கினார்கள். அவர்கள் வந்து முறையிட்ட போது, "இது நாம் முன் செய்த வினை, அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிப் பிள்ளையார் வாளாவிருக்கவில்லை. வினை உண்டென்பது தெரிந்திருந்தும் அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாதிருப்பதுதான் குறை என்ற கருத்தை முன்வைத்துத் திருநீலகண்டப் பதிகம் பாடினார். சுரம் அவருடன் வந்தவர்களை மட்டுமல்லாது அந்த நாட்டையே விட்டு நீங்கியது என்று பெரியபுராணம் கூறுகிறது.

நுவரெலியாவின் பனியையும் ஹற்றனின் மழையையும் அறிந்தவர்களுக்குக் குளிர்சுரம் புதிதல்ல. இந்த வரலாறு அவர்களுக்குச் சொல்வது என்ன? விதி என்ற சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்கக் கூடாது என்பதையே சொல்கிறது. நெற்றியில் திருநீறு பூசிய கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்ட மருந்தகத்துக்கோ அரசினர் வைத்தியசாலைக்கோ ஓடும் தாய், அன்னையின் மீது நம்பிக்கை குறைந்தவள் அல்லள். வழியைத் தேடுகின்றவள்.

மாரியம்மன் அடியார்களுக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. ஒரு காலத்தில் பெரியம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியார் உள்ளே வருவதில்லை. வீட்டார் வெளியே செல்வதில்லை. அன்னைக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லப்பட்ட அந்த வழக்கம், நோய் அயல் வீட்டுக்குப் பரவாமல் தடுக்கும் காவலாகவும் இருந்தது. பின்பு அம்மை குத்தும் ஊசி ஊரெங்கும் வந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகிலிருந்து முற்றாக ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. அதனால் மாரியம்மன் சந்நிதி வெறிச்சோடிப் போயிற்றா? இல்லை. வேப்பிலையில் இருந்த அதே அருள்தான் ஊசியின் முனையிலும் வந்தது என்று அடியார்கள் புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது உள்ளத்தில் பிறக்கும் துன்பம். பேராசை, கோபம், வீண் கடன், குடி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் மலையகக் குடும்பங்களைப் பெரிதும் அரிப்பது குடி. சம்பள நாளன்று பின்னேரம் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மனைவி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறாள். மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டுகிறாள். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று குறி கேட்கப் போகிறாள். ஆனால் அதே கணவர் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். ஒரு மண்டல காலம் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் பார்ப்பதில்லை. அதிகாலையில் குளிக்கிறார், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அன்பாக அழைக்கிறார், வீட்டில் அரிசி மிஞ்சுகிறது. மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறது.

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. ஒரு மண்டலம் விட்டிருக்க முடிந்தவருக்கு விட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அந்த நாட்களில் அவரைக் கட்டிக் காத்தது செய்வினையை முறித்த தகடு அல்ல; அவர் எடுத்துக்கொண்ட விரதமும், உடன் மாலை போட்ட சாமிமாரின் துணையும், "சாமி" என்று மற்றவர்கள் கொடுத்த மரியாதையும்தான். மாலை கழன்ற பிறகும் அந்தத் துணையும் மரியாதையும் கழன்று போகாமல் ஊரவர் பார்த்துக்கொண்டால் விரதம் நீளும். குடி நெடுநாள் நோயாகி, விட்டவுடன் உடல் நடுங்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு வைத்தியரின் உதவியும் வேண்டும். மனம் சோர்ந்து, உயிர் வாழ்ந்து என்ன பயன் என்று பேசத் தொடங்குபவர்களுக்கும் அப்படியே. அவர்களைத் தனியே விடாமல் கூட இருந்து, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது ஆயிரத்தெட்டு அர்ச்சனைக்குச் சமம்.

பிறரால் வரும் துன்பம்

இரண்டாவது வகை பிறரால் வருவது. கொழுந்து மலையில் குளவி கொட்டுவதும், சிறுத்தை நாயைத் தூக்கிச் செல்வதும் இதில் அடங்கும். மனிதர் மனிதருக்குச் செய்யும் அநீதி இதில் மிகப் பெரிய பகுதி. இங்கு பலரும் செய்யும் தவறு, இதனையும் தலைவிதி என்று ஏற்றுக்கொள்வதாகும்.

மலையக மக்களின் வரலாறே இதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்த போது, காட்டை வெட்டித் தோட்டமாக்கிய மக்களின் பெரும்பகுதியினர் நாடற்றவர்களாயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிக்கையாகக் கொண்டு பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர்; எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. புகையிரத நிலையங்களில் கட்டிப் பிடித்து அழுத காட்சிகளை மூத்தவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இந்தத் துன்பம் எப்படித் தீர்ந்தது? 1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தைப்பொங்கலை ஒட்டி, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் ஒரு பிரார்த்தனை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். காலையில் பிரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டிய தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லாது வழிபாட்டில் அமர்ந்தார்கள். கல்லெறியவில்லை; எவரையும் வையவில்லை. தேவாரமும் அம்மன் தாலாட்டும் ஒலித்த அந்தக் காலை வேளைகளில் கொழுந்து பறிக்கப்படாமல் மலையிலேயே நின்றது. அந்த அமைதி கொழும்பு வரை கேட்டது. எந்த நாட்டிலும் சேர்க்கப்படாமல் எஞ்சியிருந்த சுமார் 94,000 பேருக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் வழி திறந்த 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்பு நிறைவேறியது. 1988இல் இன்னொரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்து எஞ்சிய நாடற்றவர்களுக்கும் குடியுரிமை அளித்தன. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

அந்தப் பிரார்த்தனையைக் கூர்ந்து பார்த்தால் அதில் மூன்று அம்சங்கள் இருப்பது தெரியும். தெய்வத்தை நோக்கிய வேண்டுதல் இருந்தது. ஆயிரம் தோட்டங்கள் ஒன்றாகக் கூடும் ஒற்றுமை இருந்தது. கேட்பது இன்னதென்று சட்டத்தின் சொல்லிலே எழுதி வைத்த தெளிவான கோரிக்கையும் இருந்தது. வேண்டுதல் மட்டும் இருந்திருந்தால் அது தனித்தனிக் கண்ணீராகக் கரைந்திருக்கும். கூட்டம் மட்டும் இருந்திருந்தால் கலவரமாக முடிந்திருக்கலாம். கோரிக்கைக் கடிதம் மட்டும் இருந்திருந்தால் அலுமாரியில் தூசி படிந்திருக்கும்.

பெரிய வரலாற்றுக்குப் பொருந்துவது சிறிய வீட்டுக் குறைக்கும் பொருந்தும். ஒரு தாய்க்குச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய மகன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு பெயர். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அடையாள அட்டை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தாய் இருபத்தொரு வெள்ளி நெய்விளக்கேற்றுகிறாள். திரும்பி வந்த விண்ணப்பமோ டிரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் கிடக்கிறது. பரீட்சை நாள் வருகிறது, அட்டை வரவில்லை. "அம்மன் கண் திறக்கவில்லையே" என்று அவள் அழுகிறாள்.

அம்மன் கண் திறந்தேதான் இருந்தாள். பெயரைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் இருக்கிறார். அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்த அதிபரும், கிராம உத்தியோகத்தரும், தோட்ட அதிகாரியும் இருக்கிறார்கள். அந்த வாசலைத் தட்டுவதற்கு அந்தத் தாய்க்கு எழுத்தறிவு போதாதென்றால், அவளுக்காக எழுதிக் கொடுக்கக்கூடிய ஒருவர் அதே கோயில் வரிசையில் அவளுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார். நெய்விளக்கு ஏற்றியது பிழையல்ல. விளக்கின் வெளிச்சத்தில் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்காததே பிழை. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனின் ஓராண்டு, ஓரெழுத்தில் தொலைந்து போவதைத் தெய்வம் விரும்புவதில்லை.

தெய்வச் செயலால் வரும் துன்பம்

மூன்றாவது வகை மனித சக்திக்கு மேற்பட்டது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய பெருமழையில் மலைநாடெங்கும் மண் சரிந்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன! மழையைப் பெய்யாதே என்று கட்டளையிட மனிதரால் முடியாது. இங்கு பணிவு வேண்டும். மாண்டவர்களுக்காக மோட்ச தீபம் ஏற்றும் கண்ணீர் வேண்டும்.

ஆயினும் இவ்வகையிலும் மனிதர் செய்ய வேண்டிய பங்கு ஒன்றுண்டு. திருவிளையாடற் புராணத்தில் வரும் பிட்டுக்கு மண் சுமந்த வரலாற்றை அடியார்கள் அறிவார்கள். வைகை பெருகிக் கரை உடைந்தது. அது தெய்வச் செயல். ஆனால் கரையை அடைக்கும் வேலை வீட்டுக்கு ஒரு பங்காக அளந்து கொடுக்கப்பட்டது. அது மனிதர் கடமை. மதுரையில் பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லை. தன் பங்கை அவள் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை, கூலிக்கு ஆள் தேடி அலைந்தாள். தேடியவளுக்குத்தான் சோமசுந்தரப் பெருமான் தலையில் கூடையும் தோளில் மண்வெட்டியுமாகக் கூலியாளாய் வந்து நின்றான். உதிர்ந்த பிட்டே கூலி. பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடித்த போது அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது.

கூலி என்று இகழப்பட்ட ஒரு சமூகத்துக்கு இதைவிட ஆறுதலான வரலாறு வேறு இல்லை. தலையில் கூடை சுமந்தவன் இறைவன். உழைப்பவர் மீது விழும் அடி உலகம் முழுவதின் மீதும் விழும் அடி. அதோடு இன்னொரு பாடமும் உண்டு. அவரவர் பங்குக் கரையை அவரவர் அடைக்க வேண்டும். ஆளில்லாதவரின் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும்.

மலையகத்தில் அந்தப் பங்கு எது? லயத்தின் மேற்புறம் நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் விரிசல், சாய்ந்து வரும் மரங்கள், திடீரெனக் கிளம்பும் ஊற்று, தெளிந்த ஊற்று சேறாகக் கலங்குதல் ஆகியவை மலை கொடுக்கும் முன்னறிவிப்புகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், சாமான்களைப் பற்றி யோசியாமல் முதலில் முதியோரையும் பிள்ளைகளையும் வெளியேற்ற வேண்டும். வடிகான்களை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும். மீரியபெத்தையிலும் எச்சரிக்கைகள் முன்னரே இருந்தன என்பது நெஞ்சை அறுக்கும் உண்மை. போவதற்கு வேறு இடம் தரப்படாத மக்களைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்பது இரண்டாம் வகைக் குறை. அதற்கு இரண்டாம் வகை வாசலே வழி.

தீர்க்க முடியாதவை

எல்லாம் செய்தும் தீராத குறைகளும் உண்டு. அப்போது வழியையே மாற்ற வேண்டும். இந்த மலைகளில் முதலில் நின்றது தேயிலை அல்ல, கோப்பி. 1869ஆம் ஆண்டளவில் கோப்பி இலையில் துரு போன்ற பூஞ்சண நோய் பற்றியது. அதற்கு அன்று மருந்து கிடைக்கவில்லை. கோப்பிப் பயிர் சில ஆண்டுகளில் அழிந்தது. ஆனால் 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். நோய் தீரவில்லை, பயிர் மாறியது, தோட்டம் பிழைத்தது. பரீட்சையில் ஒரு பாதை அடைபட்ட பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி என்ற இன்னொரு பாதை உண்டு என்று சொல்வதும் இதே அறிவுதான். மாற்றவும் முடியாதது மரணம் ஒன்றே. அங்கு அன்னையின் மடியைத் தவிர வேறு வாசல் இல்லை.

ஆகவே குறையோடு சந்நிதிக்கு வரும் அடியார் முதலில் தெளிய வேண்டியது, அது எந்த வகை என்பதே. தன்னால் வந்த குறைக்குச் செய்வினை என்று பிறர்மேல் பழி போடுவது ஒரு மயக்கம். பிறரால் வந்த அநீதியைத் தலைவிதி என்று ஏற்பது இரண்டாவது மயக்கம். நோயாலும் மழையாலும் வந்த இழப்புக்குப் பக்கத்துக் காம்பராக்காரியின் கண்ணேறு என்று சந்தேகிப்பது மூன்றாவது மயக்கம். இம்மூன்று மயக்கங்களால் எத்தனை லயங்களில் உறவுகள் முறிந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் முகம் பாராமல் போகிறார்கள்!

தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடும் இரவில் ஊரே விழித்திருந்து பார்க்கும். உயர்ந்த மரத்தில் ஏறித் தவமிருந்து அருச்சுனன் பாசுபதம் பெறுகிறான். பெற்ற பின்பு என்ன செய்தான்? அஸ்திரம் கிடைத்துவிட்டது, இனிப் போரை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று வில்லைக் கீழே வைத்துவிடவில்லை. குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாளும் தானே நின்று போர் செய்தான். தவம் அவனுக்குத் தைரியத்தைத் தந்தது. போரை அவனே செய்தான்.

திருவிழாக் காலத்தில் தேர் வடம் பிடிக்கும் ஒவ்வொருவரும் இதனை நினைவில் கொள்வார்களாக. தேருக்குள் இருப்பவள் அன்னை. ஆனாலும் மேட்டில் தேர் ஏறுவதற்கு ஆயிரம் கைகள் இழுக்க வேண்டியிருக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போட அனுபவமுள்ள ஒருவர் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. அவள் நினைத்தால் தேர் தானாக ஓடாதா? ஓடும். ஆனால் வடத்தில் கை வைக்காத பிள்ளைகளுக்கு அந்த ஆனந்தம் கிடைக்காது.

உடலும் உள்ளமும் நலம் பெறவும், பிறரால் வரும் தீங்கு அகலவும், மலையும் மழையும் காத்து நிற்கவும் எல்லாம் வல்ல அன்னை அருள்பாலிப்பாளாக.

சாந்தி! சாந்தி! சாந்தி!